பேஸைக் கூட்டும் முன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள்

மாஸ்டரிங்குக்கு, அதாவது வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் செப்பனிட, வரும் பாடலைத் திறந்ததும் நான் முதலில் கவனிப்பது பேஸ் என்கிற கீழ்ச்சுரப் பகுதியைத்தான்: 40 முதல் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரை. வீட்டு ஸ்டூடியோவில் மிக்ஸ் செய்த, அதாவது குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்த்த பாடல்களில் குரல், கிட்டார், கீபோர்டு எல்லாம் அழகாக உட்கார்ந்திருக்கும். பேஸ் மட்டும் எங்கேயோ வீங்கியிருக்கும், இல்லையென்றால் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கும். செய்தவரின் காதில் குறை இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடம் அவரை ஏமாற்றியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பாடல் வந்தது. பேஸ் கிட்டார் இ, ஜி, ஏ, பி என்ற நான்கு சுரங்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஜி வரும்போதெல்லாம் பாட்டே உப்பிப் போகிறது, மற்ற மூன்றும் சரியாக இருக்கின்றன. புராஜெக்டைத் திறந்து பார்த்தால், மிக்ஸ் செய்த தம்பி ஒவ்வொரு ஜி மேலும் ஆட்டோமேஷன் கோடு (அந்தந்த இடத்தில் சத்தத்தைத் தானாக மாற்றும் கோடு) வரைந்து 6 டெசிபல் தூக்கியிருந்தார். அவருக்குப் போன் செய்தேன்.

“ஜி மட்டும் கேட்கவே மாட்டேங்குது அண்ணா. வாசித்தவர் அந்த இடத்தில் மெதுவாக வாசித்துவிட்டார் போல.”

“ரூம் எவ்வளவு நீளம் தம்பி?”

“மூன்றரை மீட்டர்.”

“நாற்காலி எங்கே?”

“நட்டநடுவில்.”

விடை அதிலேயே இருந்தது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அது போய்த் திரும்ப 7 மீட்டர். 343ஐ 7ஆல் வகுத்தால் 49. பேஸ் கிட்டாரின் கீழ் ஜி சுரமும் 49 ஹெர்ட்ஸ்தான். அந்த அதிர்வெண்ணில் போகிற அலையும் திரும்பி வருகிற அலையும் சேர்ந்து அறைக்குள் ஒரு நிலையலையாக நின்றுவிடும். சுவர் ஓரத்தில் ஒலியழுத்தம் உச்சத்தில் இருக்கும், சரியாக நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அவர் உட்கார்ந்திருந்தது அந்த ஒன்றுமில்லாத இடத்தில்.

சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும், அதனால் அங்கேயே செய்யச் சொன்னேன். 49 ஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள சுத்தமான ஒலியை) மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, எழுந்து பின்சுவரை நோக்கி மெதுவாக நடக்கச் சொன்னேன். “கேட்கலை... கேட்கலை... வருது அண்ணா... ஐயோ, இங்கே சுவரே அதிருது!” ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடவில்லை, ஸ்பீக்கரை மாற்றவில்லை. இரண்டடி நடந்தார், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை நீங்களும் இன்றே செய்யலாம். பேஸ் கிட்டாரின் கீழ் இ 41 ஹெர்ட்ஸ். அதிலிருந்து ஒவ்வொரு அரைச்சுரமாக 110 ஹெர்ட்ஸ் வரை ஒரே அளவில் சைன் அலை ஓடவிட்டு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, எது காணாமல் போகிறது, எது உறுமுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. சிறிய ஸ்பீக்கர் என்றால் அடிச்சுரங்கள் இயல்பாகவே மெலிந்து வரும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அளவீட்டு மைக் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இதையே வரைபடமாகக் காட்டும். எந்தச் சுரம் நின்ற பிறகும் அறைக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பதும் அதில் தெரியும். ஆனாலும் முதலில் காதால் செய்யுங்கள். உங்கள் அறையின் குணம் மனதில் பதிய அதுதான் வழி.

இப்படிச் சுரம் காணாமல் போகிற ஓட்டையை ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு அடைக்க முயலாதீர்கள். நேராக வரும் ஒலியைத் தூக்கினால் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியும் கூடவே உயரும், இரண்டும் பழையபடி ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கர்தான் திணறும். உறுமலைக் கொஞ்சம் குறைக்க ஈக்யூ உதவும், அதுவும் அந்த ஒரு நாற்காலிக்கு மட்டும்.

சுவரெல்லாம் ஒட்டுகிற ஃபோம் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பேன். 49 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர். 5 செ.மீ. ஃபோம் அதை என்ன செய்துவிட முடியும்? அது மேல் அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சும், அறை மந்தமாகும், பேஸ் முன்னைவிடத் துருத்திக்கொண்டு தெரியும். அதே காசில் 15 செ.மீ. அல்லது அதற்கும் தடிமனான ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பேனல்களைச் செய்து மூலைகளில் நிறுத்துங்கள். சுவர்கள் சந்திக்கும் இடத்தில்தான் அழுத்தம் சேர்கிறது. மிகக் கீழே உள்ள சுரங்களுக்கு அதுவும் ஓரளவுதான் கைகொடுக்கும் என்பதால் இடமாற்றம்தான் முதல் மருந்து.

எங்கே உட்காரலாம்? முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் என்பது நல்ல தொடக்கம். மூன்றரை மீட்டர் அறையில் அது 1.33 மீட்டர். அங்கிருந்து முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்ந்து கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரையும் பாருங்கள்: அதன் முகம் பின்னால் உள்ள சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால் 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். சிறிய அறையில் சுவரை ஒட்டி வைப்பதே மேல். அந்தப் பள்ளம் மேல் அதிர்வெண்களுக்குப் போய்விடும், அங்கே அதைப் பேனலால் சமாளிக்கலாம். கூடுகிற பேஸை ஸ்பீக்கரின் பின்னால் உள்ள சுவிட்சில் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், சத்தம். பேஸ் கேட்கவில்லை என்றதும் கை தானாக வால்யூமுக்குப் போகும். மெதுவான சத்தத்தில் நம் காது கீழ்ச்சுரங்களுக்கு மந்தம் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டும். அதனால் சத்தத்தைக் கூட்டினால் பேஸ் நிரம்பியதுபோலத் தோன்றும். அந்த நிறைவை நம்பி மிக்ஸ் செய்தால், மெதுவாகக் கேட்பவருக்குப் பேஸே இருக்காது. உட்காரும் இடத்தில் 75 டெசிபல் கேட்கும் அளவில் வால்யூம் குமிழில் ஒரு குறி போட்டு அங்கேயே வேலை செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குப் பாதுகாப்பான அளவாகச் சொல்வது 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். இரவு முழுக்க 90ல் பேஸைத் தேடுகிற இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. போன செவி திரும்பாது.

ஹெட்ஃபோனுக்கு அறை கிடையாது. ஒரு சுரம் பாட்டில் வீங்குகிறதா, அறையில் வீங்குகிறதா என்ற சந்தேகம் வந்தால் அதைப் போட்டுக் கேளுங்கள், உடனே தெரிந்துவிடும்.

அந்தத் தம்பி நாற்காலியை 42 செ.மீ. முன்னால் நகர்த்தி, மறுபடி மிக்ஸ் செய்து அனுப்பினார். ஜி மேல் வரைந்திருந்த கோடுகள் எல்லாம் போயிருந்தன, இரண்டாவது சரணத்தில் ஒன்றைத் தவிர. அங்கே 2 டெசிபல் தூக்கியிருந்தார். கேட்டுப் பார்த்தேன். அந்த ஓர் இடத்தில் வாசித்தவர் நிஜமாகவே மெதுவாகத்தான் வாசித்திருந்தார்.