சுயேச்சை கவுன்சிலர் யார் பக்கம் கை தூக்கினாலும்

தென்னாப்பிரிக்காவில் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பரிலிருந்து 2027 ஜனவரி முடிவதற்குள் நடந்தாக வேண்டும். டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமெல்லாம் "நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வாசலுக்கு வரத்தான் போகிறார்கள். நம்பி ஓட்டுப் போடலாம், தப்பில்லை. ஆனால் ஜெயித்த பிறகு அவர் எந்தக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தாலும் வார்டு மக்களால் அவரை இறக்க முடியாது. இந்த நாட்டில் பிரதிநிதியைத் திரும்ப அழைக்கும் உரிமை வாக்காளருக்குக் கிடையாது. ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கினாலும் கிடையாது.

ஒரே ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? டர்பனை ஆளும் எதெக்வினி மாநகர மன்றத்தில் 222 இடங்கள். 2021 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. அதிக இடம் பிடித்த ஏ.என்.சி.க்கே (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 96தான். பட்ஜெட், ரேட்ஸ் (சொத்து வரி) உயர்வு, கடன், துணைச் சட்டம் இவற்றுக்கெல்லாம் அரங்கில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் போதாது; மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 112 பேர் ஆதரிக்க வேண்டும். அந்த நேரம் டீ குடிக்கப் போனவரும் எதிர்த்து வாக்களித்தவரும் கணக்கில் ஒன்றுதான். ஜூலை 1ஆம் தேதிக்குள் பட்ஜெட் நிறைவேறியாக வேண்டும் என்பதால், மே, ஜூன் மாதங்களில் சுயேச்சைகளின் போன் ஓயாது.

மாகாண சட்டமன்றத்திலும் இதே இழுபறிதான். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 2024இல் 41க்கு 39 என்ற கணக்கில் முதல்வர் தேர்வானார். ஒரே ஓர் இடம் வைத்திருந்த கட்சியும் சேர்ந்துதான் அந்த 41. ஆனால் கட்சிக்காரர் கட்சியின் உறுப்பினராக இல்லாமல் போனால் பதவியும் போய்விடும். இடத்தை வைத்துக்கொண்டே கட்சி தாவும் வசதி 2009இல் ஒழிந்தது. சுயேச்சைக்கு அந்தக் கடிவாளம் இல்லை.

அவருக்குச் சட்டம் போட்டிருக்கும் முக்கியமான தடை வேறு: சுயேச்சையாக ஜெயித்த வார்டு கவுன்சிலர் ஒரு கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தால் பதவி காலி. பிறகு இடைத்தேர்தல். ஒரு கட்சிக்கு ஐந்து வருடமும் கை தூக்கலாம், அதில் சேரக்கூடாது, அவ்வளவுதான்.

நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். ஃபீனிக்ஸில் ஒரு ஆயா போனை நீட்டிக் காட்டினார்: கவுன்சிலர் கட்சி டி-ஷர்ட்டில், கையில் பிரியாணித் தட்டோடு நிற்கிறார். "இது போதாதாப்பா?" போதாது. டி-ஷர்ட் போடுவதும் மேடையில் உட்காருவதும் உறுப்பினர் சேர்க்கை ஆகாது. "இவர் எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டார்" என்று அந்தக் கட்சியே எழுத்தில் சொன்னது, உறுப்பினர் அட்டையின் நகல், இந்த மாதிரி காகிதம் வேண்டும். படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு டாக்ஸி பிடிக்காதீர்கள்.

அப்புறம் புகார் கொடுக்கப் போகும் கவுன்டர் கதை. முனிசிபாலிட்டியில் "இது தேர்தல் விஷயம்" என்பார்கள். தேர்தல் ஆணையத்துக்குப் போனால் "தேர்தல் முடிந்துவிட்டதே, முனிசிபாலிட்டியைக் கேளுங்கள்". மறுபடி போனால் "இது அரசியல், நாங்கள் தலையிட மாட்டோம்". மூன்றுமே உங்களை வெளியே அனுப்பச் சொல்லும் பதில்கள். கவுன்சிலரின் நடத்தை பற்றிய புகார் மன்ற ஸ்பீக்கருக்கு (அவைத் தலைவர்) போக வேண்டும், எழுத்தில். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் வரவே இல்லை என்பார்கள்.

புகாரில் என்ன எழுதுவது என்பது அதைவிட முக்கியம். "எங்களை ஏமாற்றி அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்" என்று எழுதினால் அன்றைக்கே மூடிவிடுவார்கள், ஏனென்றால் அது குற்றமே இல்லை. ஒருவிதமாக வாக்களிக்கவோ வாக்களிக்காமல் இருக்கவோ வெகுமதி, பரிசு, சலுகை கேட்டாலோ வாங்கினாலோதான் நடத்தை விதிமீறல். எந்தத் தீர்மானம், எந்தத் தேதி, பதிலுக்கு என்ன கிடைத்தது என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு அனுமதியின்றி வராமல் இருப்பதும் பதவியைப் பறிக்கக்கூடிய மீறல். வருகைப் பதிவு காகிதத்திலேயே இருப்பதால் நிரூபிப்பது சுலபம். ஸ்பீக்கர் அசையவில்லை என்றால், அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, ஆனால் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

யாருக்கு வாக்களித்தார் என்பதே தெரியவில்லையா? மேயர், ஸ்பீக்கர் தேர்வு ரகசிய வாக்கெடுப்பு; அதை யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, தேடி அலைய வேண்டாம். மற்ற கூட்டங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவைதான். நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் "நிறைவேறியது" என்று ஒரே வரி மட்டும் இருந்தாலும் இருக்கும். அதனால் பட்ஜெட் அன்று வார்டிலிருந்து யாராவது நேரில் போய் உட்காருவதே மேல்.

வாக்குச் சாவடியில் இன்னொரு பள்ளம். டர்பனில் இரண்டு வாக்குச் சீட்டு தருவார்கள். சுயேச்சை பெயர் வார்டு சீட்டில் மட்டும்தான். மற்றது கட்சிகளுக்கானது, அதில் சுயேச்சை பெயரைக் கையால் எழுதி வைத்தால் செல்லாது. வார்டு சீட்டில் சுயேச்சைக்குப் போட்டுவிட்டு இதை வெறுமையாகப் போட்டால், கட்சிகளுக்கான 111 இடங்களைப் பங்கிடும் கணக்கில் உங்கள் குரலே இருக்காது.

வாசலுக்கு வருகிறவரிடம் "எந்தக் கட்சியோடும் போக மாட்டீர்களா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள். "ரேட்ஸ் ஏற்றும் பட்ஜெட்டுக்கு எந்த நிபந்தனையில் கை தூக்குவீர்கள்? மேயர் தேர்தலில் யாருக்கு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நீதிமன்றத்தில் அந்தக் காகிதம் செல்லாமல் போகலாம். அடுத்த தேர்தலில் கோயில் மண்டபக் கூட்டத்தில் எழுந்து வாசிக்க ஆகும்.

அப்புறம், வங்கிக்கோ உதவித்தொகைக்கோ முகவரிக் கடிதம் கேட்டு கவுன்சிலர் அலுவலகம் போகும்போது "எந்தக் கட்சி கார்டு?" என்று கேட்டால் காட்டாதீர்கள். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும் அவர் உங்கள் வார்டுக்குத்தான் கவுன்சிலர். மறுத்தால் மறுத்தவர் பெயர், தேதி, நேரம் எழுதிக்கொண்டு அதையும் ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள்.