ஆறுக்கு அடியிலும் மூன்று

தக்கலையில் இருக்கும் அக்கா மகள் எட்டாம் வகுப்பு. அவள் கணக்கு நோட்டைப் புரட்டியபோது ஒரு கணக்கு கண்ணில் பட்டது: 3எக்ஸ் + 6 = 21. அடுத்த வரியில் எக்ஸ் + 6 = 7 என்று எழுதி, எக்ஸ் = 1 என்று முடித்திருந்தாள். மூன்றால் வகுத்தவள் 6-ஐ மட்டும் வகுக்காமல் விட்டிருக்கிறாள்.

"இத ஏன் மக்களே விட்ட?"

"அதுல எக்ஸ் இல்லையே மாமா."

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். விடை சட்டென்று வரும், ஆனால் ஏன் மாறுகிறது என்பது மறைந்துபோகும். சமக்குறியையே பல பிள்ளைகள் 'இனி விடை எழுது' என்ற கட்டளையாகத்தான் படிக்கிறார்கள். 8 + 4 = □ + 5 என்று கொடுத்துப் பாருங்கள், கட்டத்துக்குள் 12 எழுதுவார்கள். 7 என்று எழுத, இரண்டு பக்கமும் ஒரே எடை என்ற எண்ணம் வர வேண்டும்.

தோவாளைப் பூச்சந்தைத் தராசை நினைத்துக்கொண்டால் இது எளிது. ஒரு தட்டில் பிச்சிப்பூ, மறு தட்டில் படிக்கல். இரண்டிலும் ஒரே அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். ஆனால் தராசுக்கும் ஓர் எல்லை உண்டு. மைனஸ் நான்கு கிலோ பூவை எந்தத் தட்டில் வைப்பது?

2012-ல் நார்வேயில் இருந்து வந்த டிராகன்பாக்ஸ் என்ற விளையாட்டு இந்த இடத்தை அழகாகக் கடக்கிறது. திரை இரண்டு பாதியாக இருக்கும், இரண்டிலும் படம் போட்ட அட்டைகள். ஒரு பாதியில் மினுங்கும் பெட்டி; அதைத் தனியாக விட வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒவ்வோர் அட்டைக்கும் எதிராக ஓர் இருட்டு அட்டை உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை இழுத்துப் போட்டால் பச்சைச் சுழல் வரும், தொட்டால் மறையும். இருட்டு அட்டைதான் மைனஸ், சுழல்தான் பூஜ்ஜியம்; இரண்டும் அந்தப் பெயர் சொல்லாமலே கைக்குப் பழகிவிடுகின்றன. ஒரு பக்கம் புதிதாக அட்டை போட்டால், மறு பக்கமும் அதையே போடும்வரை ஆட்டம் நகராது. வகுக்கும்போது இன்னும் கண்டிப்பு: ஓர் அட்டைக்கு அடியில் ஒன்றை வைத்தால், இரண்டு பக்கமும் உள்ள அத்தனை அட்டைக்கு அடியிலும் வைத்தாக வேண்டும். கட்டங்கள் போகப் போகப் படங்கள் எழுத்தாகவும் எண்ணாகவும் மாறும், பெட்டி எக்ஸ் ஆகும்.

இதில் எனக்குப் பிடித்தது, தப்பு செய்த அந்த நொடியிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடுவது. நோட்டில் போட்ட தப்பு, டீச்சர் திருத்தித் தரும்வரை சரி மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

ஆனால் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் போதாது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விளையாட்டையும், சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கவைத்துத் திருத்தும் லின்னெட் என்ற மென்பொருளையும் வகுப்பில் ஒப்பிட்டார்கள். விளையாடிய பிள்ளைகள் நிறையக் கட்டங்களைத் தாண்டினார்கள். சமன்பாட்டுத் தேர்வில் முந்தியது லின்னெட் பிள்ளைகள்தான். திரையில் பழகியது தானாகக் காகிதத்துக்கு வந்துவிடாது.

 

அதனால் அக்கா மகளுக்கு டிராகன்பாக்ஸைக் கொடுத்தபோது நாங்கள் செய்தது இதுதான். அவள் விரலால் ஓர் அட்டையை நகர்த்தினால், அதையே நோட்டில் ஒரு வரியாக எழுத வேண்டும். ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு பழைய கணக்கையே திரும்பக் கொடுத்தேன். 3எக்ஸுக்கு அடியில் கோடு போட்டு 3 எழுதினாள். 21-க்கு அடியிலும் எழுதினாள். பேனா நின்றது.

"ஆறுக்கு அடியிலயும் மூணு வரும்லா மாமா?"

எக்ஸ் + 2 = 7. எக்ஸ் = 5. நான் சொல்லாமலே மேல் வரிக்குப் போய் ஐந்தை வைத்து, மூவைந்து பதினைந்து, ஆறு கூட்டினால் இருபத்தொன்று என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள்.