கெயினைக் கூட்டும் முன்: த்ராஷ் மெட்டல் ரிதம் பற்றி ஒரு ஒலிப்பதிவாளர்

த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக, கனமான ராக் இசைக்கு ரிதம் கிட்டார் பதிவு செய்ய வருகிற பலரின் ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) கெயின், அதாவது ஒலியைக் கரகரக்க வைக்கும் குமிழ், முழுக்க ஏறியிருக்கும்; மிட், அதாவது நடு ஒலி, பூஜ்யத்தில் கிடக்கும். தனியாக வாசித்தால் மிரட்டலாகத்தான் இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் எங்கே போனதென்றே தெரியாது. உடனே இன்னும் கொஞ்சம் கெயின் ஏற்றுவார்கள். நிலைமை இன்னும் மோசமாகும்.

மெட்டாலிகா 1986-இல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் ஒலிதான் வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். அதில் பயன்பட்டது மீசா பூகி மார்க் டூ சி பிளஸ் ஆம்ப். அதன் பேஸ் (அடி ஒலி), மிட், ட்ரெபிள் (உச்ச ஒலி) குமிழ்கள் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு பிறக்கும் கட்டத்துக்கு முன்னால் இருக்கின்றன. 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என ஐந்து பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கிராஃபிக் ஈக்யூ அதற்குப் பின்னால் வருகிறது. இந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. முன்னால் பேஸை ஏற்றினால் அது டிஸ்டார்ஷனுக்குள் புகுந்து சேறாகிவிடும். அதனால் பேஸ் குமிழைக் கிட்டத்தட்ட மூடிவிட்டு, தேவையான கனத்தைப் பின்னால் 80 ஹெர்ட்ஸில் ஏற்றிக்கொள்வார்கள். 750-ஐ இறக்குவார்கள். நடு தாழ்ந்து ஓரங்கள் உயர்ந்த அந்த 'வி' வடிவத்தை எல்லோரும் காப்பியடிக்கிறார்கள். மூடிக்கிடக்கும் பேஸ் குமிழ் யார் கண்ணிலும் படுவதில்லை.

மார்ஷல் வகை ஆம்பில் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருப்பதால், பேஸை முன்னாலேயே குறைக்கும் வேலையை, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைக்கும் ஒரு பெடலிடம் ஒப்படைக்க வேண்டும். ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவ் போதும்: டிரைவ் (பெடலின் கரகரப்பு) மிகக் குறைவாக, லெவல் (வெளிவரும் அளவு) அதிகமாக. அது அடி ஒலியைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைத் தூக்கித் தரும். கணினியில் ஆம்ப் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான்.

மீதி வேலை கையில். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 210 துடிப்பு வேகம். ஒரு துடிப்புக்கு இரண்டு சுரங்கள் வீதம் டவுன்பிக்கிங்கில் வாசித்தால் நொடிக்கு ஏழு அடி, அத்தனையும் கீழ்நோக்கி. கெயின் அதிகமானால் பலமான அடிக்கும் மெலிந்த அடிக்கும் வித்தியாசம் மறைந்து, இடைவெளியெல்லாம் இரைச்சல் நிரம்பும். தவிர, ரிதத்தை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம் வலம் வைப்பதே வழக்கம் (ஒரே ட்ராக்கை நகலெடுத்து ஒட்டுவது ஏமாற்று வேலை, காதும் ஏமாறாது). இரண்டும் சேரும்போது ஒலி தடிப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொரு ட்ராக்கிலும் கெயின் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கலாம்.

வீட்டு அறையில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது அடி ஒலியும் உச்ச ஒலியும் காதுக்குக் குறைவாகவே எட்டும். அதை ஈடுகட்டத்தான் கை தானாக மிட்டைக் குறைக்கிறது. ஈக்யூவைக் குழுவோடு, மேடை அளவு சத்தத்தில் முடிவு செய்யுங்கள். ஆனால் அதிக நேரம் வேண்டாம். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் என்பது தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் (NIOSH) நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். நுரைக் காதடைப்பான் ட்ரெபிளைத்தான் அதிகம் விழுங்கும். அதைப் போட்டுக்கொண்டு குமிழைத் திருப்பினால் ட்ரெபிள் எகிறிப்போகும். எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்பட்ட காதடைப்பானை வாங்கிக்கொள்ளுங்கள்.