சம்பா லோடும் வாய்க்கால் பாலமும்

தை கடைசில நீடாமங்கலம் பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்து கைப்பிடிச் சுவத்துல கொஞ்ச நேரம் உக்காந்து காது குடுத்துப் பாருங்க. நெல்லு ஏத்துன பத்து சக்கர டாரஸ் லாரி வரும்போது பாலத்து ஜாயிண்ட்ல மொதல்ல ஒரு டக், அப்புறம் கொஞ்சம் விட்டு டக்-டக்னு ரெண்டு சேந்தாப்ல கேக்கும். மொத டக் முன் ஆக்சில், அதாவது முன் சக்கரம் மாட்டுன அச்சு, அந்த ரெட்டை டக் பின்னாடி ஒட்டி இருக்குற ரெண்டு ஆக்சில். பாலத்தப் பொறுத்தவரைக்கும் லாரிங்கிறது இவ்ளோதான், எத்தன டக், ஒவ்வொண்ணும் எவ்ளோ கனம், நடுவுல எவ்ளோ தூரம்.

வாய்க்கால் குறுக்க போட்ட தென்னமரத்துல நடந்து பழகுனவங்களுக்கு இத சொல்லவே வேணாம். கரையோரம் நிக்கிறப்ப மரம் அசையாது, நடுவுக்குப் போகப் போக வளையும், பின்னாடியே இன்னொருத்தர் ஒட்டி வந்தா "இருடா, நான் போயிக்கிறேன்"னு கத்துவோம், ஏன்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நடுவுல நின்னா மரம் தாங்குமான்னு பயம். இன்ஜினியர் பண்றதும் இதேதான். ஒரு டன் எடைய இந்தக் கரையிலேந்து அந்தக் கரைக்கு உருட்டிக்கிட்டே போனா, ஒவ்வொரு இடத்துலயும் பாலத்து நடுப்பகுதி எவ்ளோ வளைக்கிற விசை வாங்குதுன்னு ஒரு கோடு போடுவாங்க, ரெண்டு முனையில சைபர், நடுவுல உச்சம், கூரை வீட்டு முகடு மாதிரி வரும். 1867லயே எமில் விங்க்லர்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் குடுத்த வழி இது. அந்தக் கோட்டு மேல லாரியோட ஆக்சில ஒண்ணொண்ணா வச்சு, பெருக்கி, கூட்டி, லாரிய நகத்தி நகத்தி எங்க நின்னா மோசம்னு பாக்கணும்.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். 6 மீட்டர் வாய்க்கால் பாலம், மேல 21 டன். மொத்தமும் ஒரே ஆக்சில்ல நடுவுல நின்னா வர்ற வளைவு விசைய 100ன்னு வச்சுக்குங்க. அதே 21 டன்ன 1.4 மீட்டர் தள்ளி ரெண்டு ஆக்சிலுக்குப் பிரிச்சா 78தான், 3 மீட்டர் தள்ளி வச்சா 56. எடையில ஒரு கிலோ கூட குறையல, நிக்கிற விதம் மட்டும்தான் மாறுச்சு, கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு! எனக்கு இந்த சப்ஜெக்ட் புடிச்சதே இந்த ஒரு கணக்குலதான்.

21 டன்ங்கிறது சும்மா எடுத்த நம்பர் இல்ல, 2018ல சட்டத்த மாத்துனப்ப ஒட்டி இருக்குற ரெட்டை ஆக்சிலுக்கான அளவ 19லேந்து 21 டன்னாக்குனாங்க, பத்து சக்கர லாரிக்கு மொத்தம் 25லேந்து 28.5. காலி வண்டியே பத்து டன் கிட்ட வரும், 40 கிலோ சிப்பம் 450 ஏத்துனா 18 டன், அதோட சரி, அளவு தொட்டாச்சு. மணல் வண்டி இன்னும் மோசம். ஒரு யூனிட் 100 கன அடி, காஞ்ச மணலே நாலரை டன், ஆத்துலேந்து தண்ணி சொட்டச் சொட்ட வர்றது அதுக்கும் மேல.

நம்ம டெல்டாவுல சின்ன வாய்க்கால் பாலமும் உண்டு, கொள்ளிடத்து மேல நீளமான பாலமும் உண்டு. சின்னதுல ஒரு லாரியோட பின் ஆக்சில் மட்டும்தான் கணக்கு, அது நடுவுல இருக்கும்போது முன் சக்கரம் ஏற்கனவே அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். தூணுக்குத் தூண் 30, 40 மீட்டர் இருந்தா எதிரும் புதிருமா ரெண்டு லோடு லாரி நடுவுல சந்திக்கிறதுதான் ஆபத்து, அதுக்கும் மேல நீளம்னா டிராஃபிக் ஜாம்ல முட்டிக்கிட்டு நிக்கிற வரிசை.

டிசைனுக்கு இந்திய சாலை காங்கிரஸோட (ஐஆர்சி) ஐஆர்சி:6ங்கிற விதி ஒரு கற்பனை லாரிய குடுக்குது. கிளாஸ் ஏ, எட்டு ஆக்சில், 55.4 டன், நடுவுல ரெண்டு ஆக்சில் மட்டும் 11.4 டன் வீதம். 70ஆர்ங்கிற இன்னொரு வகையில சக்கர வண்டி ஏழு ஆக்சில்ல 100 டன். இப்படியே ஒரு வண்டிய ரோட்டுல தேடக்கூடாது, நிஜ லாரிங்க குடுக்குற பாதிப்பு எல்லாத்தையும் மூடுற மாதிரி செஞ்ச பொம்மை அது. ஓடுற வண்டி குதிக்கிறதுக்கும் தனியா சேக்கணும். கிளாஸ் ஏக்கு கான்கிரீட் பாலத்துல நீளத்தோட 6 கூட்டி, 4.5ஐ அதால வகுக்கணும், அப்ப 6 மீட்டருக்கு 37.5 சதவீதம், 30 மீட்டருக்கு 12.5. சின்ன பாலத்துக்குத்தான் அடி அதிகம். நம்ம களிமண்ல பாலத்துக்கு முன்னாடி ரோடு அமுங்கிப் போயி ஒரு படி மாதிரி நிக்கும் பாருங்க, லாரி அதுல ஏறி தொம்முனு விழுறது நேரா பாலத்து தலையிலதான்.

சரி, நிஜத்துல என்ன ஓடுதுன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? எடைமேடையில நிறுத்துனா ஓவர்லோடு வண்டி வேற ரூட்ல போயிடும். பாலத்தையே தராசாக்குனா என்னன்னு 1979ல ஃப்ரெட் மோசஸ்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் ஒரு வழி சொன்னார், உத்தரத்துக்கு அடியில நீட்சி அளக்குற சின்ன தகடு ஒட்டி, வளையிறத வச்சு மேல போற வண்டியோட ஆக்சில் எடைய திருப்பிக் கணக்கு போடுறது. டிரைவருக்கு தெரியவே தெரியாது.

ஆனா எத்தன நாள் அளக்க முடியும்? அமெரிக்காவோட பாலம் டிசைன் விதிக்கு அடிப்படை 1975ல கனடாவுல ஒன்டாரியோல எடுத்த 9,250 லாரி, ஏறக்குறைய ரெண்டு வார டிராஃபிக், அத வச்சு 75 வருஷத்துக்கான உச்சத்த சொன்னாங்க. நம்மாளுங்களுக்கு இது புதுசில்ல, ஆத்துல கொஞ்ச வருஷம் தண்ணி அளந்து நூறு வருஷத்து வெள்ளம் இவ்ளோ வரும்னு சொல்றாங்களே, அதே கணிதம்தான். கம்பெல்ங்கிற கணித அறிஞர் வெள்ளத்துக்கு போட்ட உச்ச கணக்கு லாரிக்கும் பொருந்துது. கம்ப்யூட்டர்ல லட்சக்கணக்குல லாரிய குலுக்கல் மாதிரி எடுத்து, எடை, இடைவெளி எல்லாம் மாத்தி மாத்தி பாலத்து மேல ஓட்டிப் பாப்பாங்க.

இங்கதான் எனக்கு ஒரு கவலை. குலுக்கல்ல ஒரு லாரி கனமா வந்தா அடுத்தது காலியா வரலாம். சம்பா அறுவடையில அப்படியா இருக்கு? கொள்முதல் நிலையத்துலேந்து குடோனுக்குப் போற பக்கம் பூராவும் லோடு, திரும்புற பக்கம் பூராவும் காலி, அதுவும் ராத்திரில ஒண்ணு பின்னாடி ஒண்ணா கூட்டமா கிளம்பும். வருஷம் முழுக்க சராசரி எடுத்தா இந்த ஆறேழு வாரம் அதுல கரைஞ்சே போயிடும், ஆனா பாலத்துக்கு உச்சம் வர்றது அந்த ஆறேழு வாரத்துலதான். டெல்டாவுல யாராவது பாலத்துக்கு அடியில தகடு ஒட்டி அளக்க வந்தா ஆடி மாசம் வராதீங்க, வயல்ல அப்ப குறுவை நாத்துதான் நிக்கும். மாசில வாங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல.