பெயில் ஆர்டர் வந்தும் ஜெயில்லயே கிடக்குறவங்களுக்கு சட்டத்துல என்ன வழி இருக்கு

எங்க தெருவுல கொத்தனார் வேலைக்குப் போற ஒருத்தர் அடிதடி கேஸ்ல ரிமாண்ட் ஆனாரு. பதினேழாவது நாள் பெயில் கிடைச்சிடுச்சு, வீட்டம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கற்கண்டு குடுத்தாங்க. ஆனா ஆளு வெளிய வந்தது அதுக்கப்புறம் முப்பத்தொரு நாள் கழிச்சு. ஆர்டர்ல ரெண்டு சூரிட்டி (இவர் தவறாம கோர்ட்டுக்கு வருவார்னு பொறுப்பேத்து, வீட்டு வரி ரசீது காட்டி கையெழுத்து போடுற ஜாமீன்தாரர்), அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும்னு போட்டிருந்தாங்க, இவருக்கு இருக்குறது ஒரே தம்பி, அவரும் திருப்பூர்ல வாடகை வீடு, வீட்டு வரி ரசீதுக்கு எங்க போவாரு? அந்தம்மா செத்துப்போன மாமனார் பேர்ல இருந்த ரசீதை மஞ்சப்பையில வச்சுக்கிட்டு கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சாங்க, அது செல்லாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கூட நின்ன எனக்கும் அப்போ ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிருந்தா அதுல பாதி நாளாவது மிச்சமாகியிருக்கும், அதனாலதான் எழுதுறேன்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குப்படி 2022 கடைசியில இந்திய ஜெயில்கள்ல இருந்தவங்க 5,73,220 பேர், அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க, அதாவது குற்றவாளின்னு இன்னும் எந்தக் கோர்ட்டும் சொல்லாதவங்க, நூத்துக்கு எழுபத்தஞ்சு பேருக்கு மேல. இடமோ 4,36,266 பேருக்குத்தான். கேஸ் இழுக்குது, வாய்தா மேல வாய்தா, சாட்சி வரல, எஸ்கார்ட்டுக்கு போலீஸ் இல்லைன்னு கைதியையே கூட்டிட்டு வரமாட்டாங்க. இதெல்லாம் நம்ம கையில இல்ல. சூரிட்டி விஷயத்துல மட்டும் நாம செய்யறதுக்கு கொஞ்சம் இருக்கு.

முதல்ல வக்கீல். ஜெயில்ல இருக்குற யாரா இருந்தாலும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட 12-வது பிரிவுல இலவச வக்கீல் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேர்ல போய் மனு குடுக்கலாம், இல்லேன்னா 15100-க்கு போன் போடலாம். பிச்சை கேக்குற மாதிரி கூசிக்கிட்டு நிக்காதீங்க, அது உரிமை.

இப்போ பெயில் கிடைச்ச பிறகு. 2023 ஜனவரி 31-ந்தேதி சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு இதுல ரொம்ப முக்கியம். பெயில் ஆர்டரை அன்னிக்கே இல்ல மறுநாளே ஜெயில் சூப்பிரண்டுக்கு ஈமெயில்ல அனுப்பணும், அவரு கைதி கையில குடுக்கணும். ஏழு நாள்ல ஆளு வெளிய போகலைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு செயலாளருக்கு சூப்பிரண்டு தகவல் சொல்லணும். ஒரு மாசம் ஆகியும் சூரிட்டி குடுக்க முடியலைன்னா, யாரும் மனு போடாமலே கோர்ட் தானா எடுத்து கண்டிஷனை தளர்த்தலாமான்னு பாக்கலாம். உள்ளூர் சூரிட்டிதான் வேணும்னு கண்டிஷன் போடாம இருக்கலாம்னும் அதுலயே சொல்லியிருக்காங்க. நாம அந்த ஒரு மாசம் காத்திருக்கணும்னு இல்ல, என்னால சூரிட்டி குடுக்க முடியல, சொந்த ஜாமீன்ல (வேற ஆள் இல்லாம நானே எழுதிக் குடுக்குற உறுதியில) விடுங்கன்னு முதல் வாரத்துலயே கண்டிஷனை மாத்தச் சொல்லி மனு போடலாம். எங்க கொத்தனார் கடைசியில வந்தது இப்படித்தான், லீகல் எய்டு வக்கீல் போட்ட ரெண்டு பக்க மனு.

இதுக்கு பழைய தீர்ப்பே இருக்கு, 1978-ல மோதி ராம் கேஸ். அவரும் ஒரு கொத்தனார், மத்தியப் பிரதேசத்துக்காரர். பத்தாயிரம் ரூபாய்க்கு சூரிட்டி கேட்டாங்க, அண்ணன் தம்பி வந்தா வேற மாவட்டம், ஏத்துக்க மாட்டோம்னுட்டாங்க. நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீன்ல விடச் சொன்னாரு, கூடவே ஒரு தமிழனோ மலையாளியோ டெல்லி சாந்தினி சவுக்குல கைதானா உள்ளூர் சூரிட்டிக்கு எங்க போவான்னும் கேட்டாரு. வருஷம் இத்தனை ஆகியும் நம்ம ஊர் கோர்ட் வாசல்ல அதே கேள்வி நிக்குது, நினைச்சா வயிறு எரியுது.

ஜாமீன்ல விடக்கூடிய சின்ன குற்றம்னா இன்னும் சுலபம். ஒரு வாரத்துல சூரிட்டி குடுக்க முடியலைன்னாலே அவரை ஏழைன்னு எடுத்துக்கிட்டு சொந்த ஜாமீன்ல விடணும், பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலா 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 478-வது பிரிவு.

பணம்தான் தடைன்னா ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசு திட்டம் ஒண்ணு இருக்கு, 2023-ல வந்தது. ஆரம்பிச்சப்போ விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரைக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரைக்கும்னு வச்சாங்க. கலெக்டர், எஸ்.பி., ஜெயில் சூப்பிரண்டு எல்லாரும் இருக்குற மாவட்டக் கமிட்டி முடிவு பண்ணும், பணம் நம்ம கைக்கு வராது, கோர்ட்டுல கட்டிடுவாங்க. ஊழல், போதைப்பொருள், யுஏபிஏ (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்), பி.எம்.எல்.ஏ. (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குறதைத் தடுக்குற சட்டம்) கேஸுங்களுக்கு இது கிடையாது.

பெயிலே கிடைக்காதவங்க ரெண்டு கணக்கு பாக்கணும். சார்ஜ் ஷீட் போட போலீஸுக்கு 60 நாள் டைம், பத்து வருஷமோ அதுக்கு மேலயோ, ஆயுளோ தூக்கோ தண்டனை வரக்கூடிய கேஸுன்னா 90 நாள் (யுஏபிஏ மாதிரி சட்டங்கள்ல 180 வரைக்கும் போகும்). அந்த நாள் தாண்டியும் போடலைன்னா பெயில் உரிமை, ஆனா சார்ஜ் ஷீட் வந்து சேர்றதுக்கு முன்னாடி மனு போட்டிருக்கணும், ஒரு நாள் அசந்தாலும் போச்சு, அதனால முதல் ரிமாண்ட் தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. இன்னொண்ணு அதே பி.என்.எஸ்.எஸ். 479-வது பிரிவு. அதிகபட்ச தண்டனையில பாதி காலம் உள்ள இருந்துட்டா விடணும், இதுக்கு முன்னாடி எந்தக் கேஸ்லயும் தண்டனை வாங்காதவர்னா மூணுல ஒரு பங்கு போதும். சாதாரண திருட்டுக்கு மூணு வருஷம்னா முதல் தடவைக்காரருக்கு ஒரு வருஷம். இந்த மனுவை சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுதணும்னு சட்டம் சொல்லுது. 2024 ஜூலைக்கு முந்தின கேஸுக்கும் இது பொருந்தும்னு அதே வருஷம் ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆயுள், தூக்கு தண்டனை வரக்கூடிய கேஸுக்கு இது இல்ல, ஒண்ணுக்கு மேல கேஸ் நிலுவையில இருந்தாலும் இல்ல. குண்டாஸ் போட்டிருந்தா இதெல்லாம் எடுபடாது, அதுக்கு ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனுதான்.

அடுத்த தடவை ஜெயில்ல உங்க ஆளைப் பாக்கப் போறப்போ பிஸ்கட், சோப்போட ஒரு சின்ன நோட்டும் எடுத்துட்டுப் போங்க. கேஸ் நம்பர், என்னென்ன செக்‌ஷன், முதல் ரிமாண்ட் தேதி, பெயில் ஆர்டர் தேதி, இந்த நாலையும் அவர் வாயால கேட்டு எழுதிக்கிட்டு நேரா லீகல் எய்டு ஆபீஸுக்குப் போங்க, அங்க முதல்ல கேக்குறது இதைத்தான்.