தோண்டிய எலும்பு நிரம்பும் வரை

சென்னையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தானுக்காக மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் அழகர்கோவில் சாலையிலும் ஓடிப் பழகுகிறவர்களுக்குக் கணைக்கால் வலி பெரும்பாலும் முதல் வாரத்தில் வருவதில்லை. தூரத்தைக் கூட்டி மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். மூச்சு பழகிவிட்டது, தொடை பழகிவிட்டது, இப்போது போய் ஏன் வலிக்கிறது என்று குழப்பமாக இருக்கும்.

10 கி.மீ. ஓட ஏறக்குறைய 10,000 எட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. அதில் எலும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அவற்றைச் சரிசெய்ய முதலில் ஒருவகைச் செல்கள் வந்து பழுதான இடத்தைக் கரைத்துத் தோண்டும். அதற்குச் சுமார் 3 வாரம். அதன் பிறகே வேறு செல்கள் புது எலும்பை இட்டு நிரப்பும். அதற்கு 3 மாதம் வரை ஆகும். ரோட்டில் ஒட்டுப்போடுகிறவர்கள் பள்ளத்தை இன்னும் பெரிதாக வெட்டிவிட்டுத்தான் தார் ஊற்றுவார்கள். வெட்டிய குழி மேல் லாரி போவது மாதிரிதான் அந்த இடைவெளியில் தூரத்தைக் கூட்டுவது.

உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் நீளமாக வலித்து, ஓட ஓட மட்டுப்பட்டால் அது பெரும்பாலும் ‘ஷின் ஸ்பிளின்ட்’ எனும் எலும்போர வலி, விரிசல் அல்ல. ஒரு ரூபாய் நாணயம் மூடும் இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, ஓட ஓட ஏறி, ராத்திரி படுத்தாலும் விண்விண்ணென்று தெறித்தால் எலும்பில் விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று மறுநாளே ஓடப் போய்க் காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். எண்ணெய் போட்டு உருவுவது தசைப்பிடிப்புக்குச் சரி, இந்தப் புள்ளி மேல் வேண்டாம்.

தொடையிடுக்கில் வலித்தால் கதையே வேறு. தொடையெலும்பின் கழுத்தில் விரிசலாக இருக்கலாம். முழுதாக முறிந்தால் ஆபரேஷன்தான். காலை ஊன்றாமல் அன்றே எலும்பு டாக்டரைப் பாருங்கள். கணைக்காலின் முன்விளிம்பில் புள்ளியாக வலித்தாலும் தாமதிக்க வேண்டாம், அந்த இடத்தில் எலும்பு எளிதில் ஒட்டாது.

உள்விளிம்பு விரிசலுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓட்டம் கிடையாது. அதுவரை மூச்சைக் காப்பாற்றத் தண்ணீரில் ஓடலாம். நீச்சல் தெரிந்தவர்கள், துணைக்கு ஆளோடு, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, கால் தரையைத் தொடாத ஆழத்தில் ஓடுவது போலவே காலை வீச வேண்டும். நீச்சல் குளமானாலும் தோட்டத்துக் கிணறானாலும் சரி. 3 நிமிடம் வேகம், 1 நிமிடம் மெதுவாக, எட்டு முறை.

சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். உணவு போதாமல் ஓடுவது எலும்பைப் பலவீனமாக்கும் ஒரு பெரிய காரணம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது அதன் தெளிவான எச்சரிக்கை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. சுண்ணாம்புச்சத்து உண்டு. வைட்டமின் டி அளவை ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. மதுரை வெயிலுக்குக் குறைச்சலில்லை என்றாலும், விடியுமுன் ஓடி முடித்து ஆபீசுக்குள் போய்விடுகிறவர் மேல் அது படுவதில்லை.

நடக்கும்போது வலி நின்றது என்பதற்காகக் குழி நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. வண்டியூர் தெப்பக்குளம் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று சுற்று நடந்து, அன்றும் மறுநாள் காலையும் வலியில்லை, அழுத்தினாலும் வலியில்லை என்ற நிலை ஐந்து நாள் தொடர வேண்டும். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை, ஆறு முறை. இரண்டு தடவை வலியில்லாமல் முடிந்தால் 2 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை, பிறகு 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. வலி வந்தால் இரண்டு நாள் ஓய்வு, முந்தைய படிக்குத் திரும்புங்கள். நவம்பரில் விரிசல் கண்டவருக்கு ஜனவரி 42.195 கி.மீ. கிடையாது. அந்த மாதம் இந்த ஒரு நிமிட ஓட்டத்துக்கானது.