எழுதியதை யார் வாசிப்பார்? இணையவழி எழுத்துப் பாடத்தில் சேருமுன் கேட்க வேண்டியது

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் இருப்பதால், பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் பெற்றோரும் மாணவர்களும் ஒரே கேள்வியோடு என்னிடம் வருவதுண்டு. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் தொடக்கநிலைப் பாடத்தை இணையத்தில் படிக்கலாமா, அதற்குக் கட்டணம் கட்டலாமா என்று கேட்பார்கள். பேச்சு பெரும்பாலும் "சர்ட்டிபிகேட் கிடைக்கும்லா சார்?" என்பதில் வந்து முடியும். சான்றிதழ் கிடைக்கும். மாணவர் எழுதி அனுப்புவதை மறுமுனையில் யார் வாசிக்கப் போகிறார் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதற்கேள்வியாகப் படுகிறது.

எழுத்துப் பாடத்தில் காணொளியால் சொல்லித்தரக்கூடியது கொஞ்சமே. பத்தியை எப்படித் தொடங்குவது, சான்றை எங்கே வைப்பது, பிறர் கருத்தை எடுத்தாண்டால் அதை எவ்வாறு குறிப்பது என்பவற்றைச் சில மணி நேரத்தில் விளக்கி முடித்துவிடலாம். எஞ்சிய பாடம் முழுவதும், மாணவர் ஒரு வரைவை எழுத, ஒருவர் அதை வாசித்து ஓரத்தில் குறிப்பெழுத, மாணவர் மறுபடி எழுதுவதில்தான் நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு மாணவர் எத்துறையினராயினும் எழுத்துப் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும். அத்தகைய வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அங்குள்ள எழுத்தாசிரியர் அமைப்பு வலியுறுத்திவருவதற்கும், ஒருவர் வாசித்துத் திருத்தக்கூடிய தாள்களுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே காரணம்.

வாசிப்பவர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதிய முதல் வரைவு, இந்தியா ஒரு வளரும் நாடு என்று தொடங்கி, பெண்கள் நாட்டின் கண்கள் என்று தொடர்ந்தது. அதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. திருத்து மென்பொருள் எதனிடம் கொடுத்திருந்தாலும் பாராட்டியிருக்கும். வீட்டில் பீடி சுற்றுகிறார்களா, கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று இரண்டு கேள்விகளை மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வரைவில், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுவதும், பீடிக்கடையில் கொடுத்த இலையில் கிழிந்ததும் ஓட்டை விழுந்ததும் போக மிச்சத்தில் அந்த ஆயிரத்தைத் தேற்றியாக வேண்டியிருப்பதும், இலை குறைந்தால் தாய் தன் காசைப் போட்டு வாங்குவதும் வந்திருந்தன. ஆகவே பேசப்படும் கூலியும் கைக்கு வரும் கூலியும் ஒன்றல்ல என்ற வாதம், எவரும் சொல்லிக்கொடுக்காமலேயே, அந்தச் செய்திகளிலிருந்து எழுந்திருந்தது. ஆங்கிலம் முன்பைவிடச் சற்றுத் தடுமாறத்தான் செய்தது. எனினும் நான் இரண்டாவது வரைவுக்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன். சொந்தமாகச் சிந்தித்து எழுதும்போது மொழி தடுமாறுவது இயல்பு, மனப்பாடம் செய்த வாக்கியங்கள்தாம் ஒருபோதும் தடுமாறுவதில்லை.

இனி இணையப் பாடங்களுக்கு வருவோம். நடுவண் அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் என்னும் இணையக் கல்வித் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத வேண்டும். அத்தளத்தில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் வாரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். இவற்றில் முறையே குறைந்தது 10, 30 என எடுத்தால்தான் சான்றிதழ். பல்லாயிரம் பேர் சேரும் பாடத்தில் ஒவ்வொருவரின் கட்டுரையையும் எந்தப் பேராசிரியராலும் வாசிக்க இயலாது என்பதால், பயிற்சிகள் பெரும்பாலும் விடையைத் தெரிவு செய்யும் வினாக்களாகவே அமைகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இலக்கணத்துக்கும் சொல்வளத்துக்கும் அப்பாடங்கள் மிகவும் பயன்படும். ஆனால் நான்கு விடைகளுள் சரியான பத்தியை அடையாளம் காண்பதும், வெற்றுத் தாளில் ஒரு பத்தியை எழுதுவதும் வெவ்வேறு திறன்கள். பல்லாயிரம் பேர் ஒருங்கே சேரும் வெளிநாட்டு இணையப் பாடங்கள் சிலவற்றில் உடன் படிப்பவர்களே ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிடுகிறார்கள். அதில் வரும் குறிப்புகள் பல ஒற்றை வரிப் பாராட்டாக முடிந்துவிடுகின்றன. என்றாலும், பிறர் கட்டுரையை வாசித்து மதிப்பிடும் பழக்கம் தன் கட்டுரையின் ஓட்டையைத் தானே காணும் கண்ணைத் தருகிறது என்பதால், இந்த முறையை நான் தள்ளிவிட மாட்டேன்.

படிக்கும் கல்லூரியில் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி, கிடைக்கும் என்று எண்ணிச் சேர்பவர்கள் முன்கூட்டியே துறைத்தலைவரிடம் கேட்டுவிட வேண்டும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறை இடமளிக்கிறது. ஆனால் எந்தப் பாடத்துக்கு ஈடாக எதை ஏற்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்கின்றன. பட்டப்படிப்பில் பொதுப்பாடமாக வரும் பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கு இது தானாக ஈடாகிவிடும் என்று எண்ணி வகுப்பைக் கைவிடுவது ஆபத்து.

கைபேசியிலேயே முழுப் பாடத்தையும் படிக்கும் மாணவர்கள் நம் பக்கத்தில் மிகுதி. காணொளிக்குக் கைபேசி போதும், கட்டுரை எழுதுவதற்குப் போதாது. திரையில் சில வரிகளே தெரியும்போது, மூன்றாம் பத்தி முதல் பத்தியோடு முரண்படுவது கண்ணில் படாது. முதலில் நோட்டில் கையால் எழுதி, அடித்துத் திருத்தி, பின்பு தட்டச்சு செய்யுங்கள். எப்படியும் பருவத் தேர்வைக் கையால்தான் எழுதப் போகிறீர்கள். அமெரிக்கப் பாடமாயின் கெடு நேரத்தையும் கவனிக்க வேண்டும்: நியூயார்க்கின் நள்ளிரவு நமக்கு, அங்கே கோடையாக இருக்கும்போது காலை 9.30, குளிர்காலமாக இருக்கும்போது 10.30.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கட்டுரையை எழுதி வாங்குவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதிப் பழகுவதற்காகச் சேர்ந்த பாடத்தில் எழுதும் வேலையையே வேறொன்றிடம் விட்டால், கட்டிய கட்டணம் வீண்.

கட்டணம் கேட்கும் பாடம் எதுவாயினும், பணம் கட்டுமுன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: எத்தனை வரைவுகள் வாசிக்கப்படும், வாசிப்பவர் ஆசிரியரா மென்பொருளா, திருத்தி எழுதியதை மறுபடியும் வாசிப்பார்களா. விடை மழுப்பலாக இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு இலவசப் பாடத்தில் சேரலாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் எழுத்துக் குறிப்புகளையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வாசிப்பவரைத் தேட வேண்டிய பொறுப்பு அப்போது உங்களுடையதாகிறது. உங்கள் கல்லூரி ஆசிரியரிடம் பத்துப் பக்கத்தைக் கொண்டுபோய் நீட்டி, "பார்த்துச் சொல்லுங்கள் சார்" என்றால் அது மேசையிலேயே கிடக்கும். வரிகளுக்கிடையே இடம் விட்டு எழுதிய ஒரே ஒரு பக்கத்தை, 'இரண்டாம் பத்தியில் நான் சொல்ல வருவது புரிகிறதா?' என்பது போன்ற ஒரு திட்டமான கேள்வியோடு கொடுங்கள். தாள் திருத்தும் நெருக்கடியிலும் பெரும்பாலான ஆசிரியர்கள் அதை வாசித்துவிடுவார்கள்.